டேவிட்சன் சார் வீட்டு அரிசி

டேவிட்சன் சார் கத்தரிக்காயைக் கையில் எடுத்ததும் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் வாங்குவார். பளபளவென்று இருக்கும் காயைத் தொடக்கூட மாட்டார். "புழுவே வேணாம்னு ஒதுக்குனத மனுசன் எதுக்குத் திங்கணும்?" என்பது அவர் கட்சி. முன்பெல்லாம் சொத்தைக் காய்களை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த காய்கறிக்கடை முகம்மது யூசுப், இப்போது அவற்றைத் தனிக் கூடையில் சேர்த்து வைத்து, "சாருக்குன்னே எடுத்து வச்சேன்" என்று முழு விலைக்கு விற்கிறார். அவற்றை வீட்டில் நறுக்கி, பாதிக்கு மேல் குப்பையில் போடுவது சாரின் மனைவி ஞானசௌந்தரியின் பாடு.

சாருக்கு வயது அறுபத்து மூன்று. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பூம்புகார் போகிற சாலையை ஒட்டி அவருக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரைக்கும் சாலையோரம் மொபெட்டை நிறுத்தி, அதிலிருந்து இறங்காமலே மேற்பார்வை பார்ப்பார். அவர் காலில் சேறு பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் விவசாயத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

மரபணு திருத்திய நெல் வரப்போகிறது என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து மனிதருக்கு நிம்மதி போய்விட்டது. கத்தரிக்காய் மேல் சந்தேகம் அதற்கும் முன்பிருந்தே உண்டு. யூசுப் கடைக்குக் காய் வாங்க வந்த வேளாண்மை அலுவலர் அனுராதா பொறுமையாக விளக்கிப் பார்த்தார். "மரபணு மாத்துன கத்தரிக்கு நம்ம நாட்டுல அனுமதியே இல்ல சார். கடையில இருக்கறது சாதா ஹைப்ரிட்." சார் விடவில்லை. "வர்றவன் சொல்லிட்டாம்மா வருவான்?" என்றார். அந்த அம்மாள் கூடையோடு வேறு கடைக்குப் போய்விட்டார்.

அவரை ஒரேயடியாகக் கிறுக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. "வெத அவன்கிட்ட, வேல மட்டும் நம்மகிட்டன்னா, அதுக்குப் பேரு விவசாயமாங்க?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானதுதான். கேட்கிற மனிதரைத்தான் தாங்க முடியாது.

எங்கள் லுத்தரன் சபையில் அறுப்பின் பண்டிகையன்று, ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த பொருள்களைக் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவோம். ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம். பதினெட்டு வருடமாக ஏலம் கூறுகிறவர் டேவிட்சன் சார். ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டி, "எந்த வயலு? யாரு வெளைய வச்சது?" என்று கேட்காமல் விலை கூற மாட்டார். கடையில் வாங்கி வந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆப்பிள் பெட்டி வைத்த பேங்க் கிளாட்சனிடம், "காவேரித் தண்ணி காஷ்மீர் வரைக்கும் பாயுதா தம்பி?" என்றார். பிஸ்கட் பாக்கெட் வைத்த சின்னப் பெண் பிரின்ஸியிடம், "இது எந்த மரத்துல காச்சிதும்மா?" என்றார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு தாத்தா" என்றது. நான் வைத்த பூசணிக்காயில் கடைக்காரர் எழுதிய எடை அழியாமல் இருந்தது. "எழுத்தாளர் தோட்டத்துல காயே எடை போட்டுக்கிட்டுத்தான் காய்க்கும்போல" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். இரண்டு மாதம் நான் அவர் தெருப்பக்கம் போகவில்லை.

கடைசியாக அவருடைய அரிசி வரும். அவருக்குப் பண்டிகையே அதுதான். தன் வீட்டு உலையில் பிறப்பு தெரியாத அரிசி விழுந்ததில்லை என்பதுதான் வாழ்க்கையில் அவர் வைத்திருக்கும் பெருமை. இந்த ஆண்டும் மூட்டையைப் பிரித்து இரு கையாலும் அள்ளினார். "என் வயலு! மோந்து பாருங்க, நம்ம மண்ணு வாசம்!"

உளுந்து வயலுக்குப் போகிற வழியில், மலிவாக ஏதாவது கிடைக்குமா என்று தூக்குவாளியோடு மேடையோரம் நின்றிருந்தார் காத்தாயி. சாரின் வயலில் நடவு நடுகிறவர். நாலு அரிசி மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஐயா, நம்ம வயல்ல நட்டது குண்டு நெல்லு. இது சன்ன அரிசில்ல?"

"மில்லுல பாலிஷ் போட்டா சன்னமாயிடும் காத்தாயி" என்றார் சார், பரிவோடு.

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தார்கள். சார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீதான சொன்ன?"

ஞானசௌந்தரி எழுந்துவிட்டார். நறுக்கிய சொத்தைக் கத்தரிக்காய்க்கெல்லாம் சேர்த்துப் பேசினார். "வேற என்னத்தச் சொல்றது? மெஷின் நெல்ல நேரா லாரில கொட்டுது. நீங்க அப்படியே கொள்முதலுக்கு அனுப்பிடுறீங்க. வீட்டுக்கு ஒரு மூட்ட விடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? நாலு வருசமா கடை மூட்டதான். அதத் தின்னுட்டுத்தான் மண்ணு வாசம், மண்ணு வாசம்ங்கிறீங்க!"

வளாகம் அதிர்ந்தது. பூசணிக்காயை நினைத்து நான்தான் அதிகம் சிரித்திருப்பேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். பாவமாகிவிட்டது. அள்ளிய அரிசியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப, நாலு வருசமா என் வயலு அரிசிய நான் தின்னதே இல்லியா?" என்றார்.

யாரைக் கேட்டாரோ தெரியாது. காத்தாயி பதில் சொன்னார். "மெஷின் எறங்காத மூலையில நாங்கதானங்க கையால அறுத்தோம். கூலிக்கு நெல்லா அளந்தீங்க. அதப் புழுக்கி அரச்சு, எங்க வூட்டுல இப்ப அந்தச் சோறுதான்." தூக்குவாளியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். "இதுகூட அதாங்க."

சார் அரிசியை மூட்டையில் விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். கூட்டம் வழி விட்டது. காத்தாயி முன்னால், பண்டிகைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு மணலில் உட்கார்ந்தார்.

"ஒரு வாய் குடுங்க காத்தாயி."

காத்தாயி சுற்றுமுற்றும் பார்த்தார். "மோர் ஊத்திப் பெசஞ்ச சோறுங்க…" என்று இழுத்தார். சார் எழுந்திருக்கவில்லை. காத்தாயி வாளியைத் திறந்து ஓர் உருண்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்ற சார் மறந்துவிட்டார். அவர் மெல்லுகிற சத்தம் மாதா கோயில் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். பாஸ்டர் ஐயாவிலிருந்து பிரின்ஸி வரைக்கும் எல்லோரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டேவிட்சன் சார் விழுங்கிவிட்டு, கையை மறுபடியும் நீட்டினார்.