ஊசிக் காது

அரியலூரில் என் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. காலையில் மெஷினில் நூல் கோக்க, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரிதான் உட்காருவேன். சர்க்கரை கண்ணைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அவள் அழுதால் எனக்கு அது நிச்சயமாகிவிடும்.

முக்கால்வாசி வேலைக்குக் கண்ணே வேண்டாம். துணியை அழுத்தும் காலைத் தூக்கிவிட்டு, நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே விட்டு, மேலும் கீழும் ஆடுகிற கொக்கியின் ஓட்டையில் நுழைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். என் விரல் தூக்கத்தில்கூட அதைச் செய்யும். கடைசியில் இருப்பது ஊசிக் காது. நம் ஆட்கள் காதை ஊசிக்குக் கொடுத்துவிட்டு, கண்ணை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

அன்று பள்ளிக்கூடச் சட்டை, வெள்ளை நூல். எச்சில் தொட்டு முறுக்கி நீட்டினேன். ஒரு காது இரண்டாகத் தெரிந்தது. எதில் விட்டாலும் நூல் மடங்கியது. தெருவில் சிமெண்ட் லாரி போயிருந்தது, புழுதி அடங்கட்டும் என்று காத்திருந்தேன். புழுதி அடங்கியது, காது தெளியவில்லை. பயந்துவிட்டேன், வேறென்ன சொல்ல. நூலை மொத்தமாக உருவிப் போட்டு, "நூலா இது, சனியன்" என்று அடுப்படிக்குக் கேட்கும்படி திட்டிவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

சர்க்கரை போடாத டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். கண் போன தையல்காரனை யார் தேடி வருவார்கள்? அதையே நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஊசியில் நூல் கோத்திருந்தது.

நான்தான் கோத்துவிட்டுப் போனேன் என்று நம்பப் பார்த்தேன். பயத்தில் மறந்திருப்பேன். துணியை வைத்து மிதித்தேன். நாலு தையல் விழுவதற்குள் அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு, மெஷின் நின்றது. பார்த்தால் ஆடுகிற கொக்கியில் நூலே மாட்டவில்லை. தொழில் பழகிய காலத்துக்குப் பிறகு நான் செய்யாத தப்பு அது. சிக்கை அறுத்து எடுத்தேன். வெள்ளை நூலில் மஞ்சள்தூள் கறை.

நிமிர்ந்தேன். மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"நீங்க நூலைத் திட்ட ஆரம்பிச்சதுலேருந்துங்க. இத்தனை வருசத்துல நூலை என்னைக்குத் திட்டியிருக்கீங்க?"

அவள் அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். கண்டிலிருந்து நூலை இழுத்து என் கையில் கொடுத்தாள்.

"எந்த எடத்துல விட்டுட்டேன்னு காட்டுங்க. கண்ணு தெரியறப்பவே காட்டிடுங்க."