மக்னம் ரவைக்கு எந்த மருந்து?

துப்பாக்கிக் கடைக் கவுண்டரில் நிற்கிற சகபாவிகளே, நம்மிடம் வருகிற ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாமல் இருப்பதில்லை.

இங்கிலாந்தில் கைத்துப்பாக்கிக்குத் தடை. அதே ரவையை, மக்னம் என்கிற பலத்த தோட்டாவையும்கூட, சுடுகிற நீட்டுத் துவக்குக்குத் தடையில்லை. கிளப் ஆட்கள் சுட்ட வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, எங்களிடம் வெடிமருந்தும் குண்டும் வாங்கித் தாங்களே நிரப்புவார்கள். ஏ-லெவலைப் பாதியில் விட்ட என்னை, ஜெர்மனியிலிருந்து வந்த சிவா அண்ணை தன் வெம்பிளிக் கடையில் 'பார்ப்பம்' என்று சேர்த்திருந்தார். இதுவும் போனால் மாமாவின் பெற்றோல் ஷெட்தான்.

கூர் முனை

ஹரோ பல் டாக்டர் ராகவனுக்குக் கூரான குண்டுதான் வேணுமாம், வடிவாம். அவருடைய துவக்கில் ரவைகள் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் நிற்கிறதன் கூர், முன்னால் நிற்கிறதன் அடியில் வெடிக்கிற கேப்பைக் குத்திக்கொண்டிருக்கும். சுடும்போது உதைத்தால் குழாயே வெடிக்கலாம். "தட்டை முனை எடுங்கோ, இல்லாட்டி வேற கடைக்குப் போங்கோ" என்றேன். தலையைச் சொறிந்தார்.

"பாக்க மொக்கையா இருக்கும்மா. ஆனா பல்லு பிடுங்க எனக்குப் பத்து விரலும் வேணுமே."

ஈயம்

பைப் வேலை செய்கிற குகன் அண்ணை பழைய ஈயக் குழாயை உருக்கிக் குண்டு வார்த்து, மக்னம் வேகத்தில் சுட்டுத் தள்ளினார். மெது ஈயம் அந்த வேகத்தைத் தாங்குமா? துவக்குக் குழாய் முழுக்க அப்பிவிட்டது. "வேகம் வேணுமெண்டால் செம்பு உறை போட்ட குண்டு, மெதுவா எரியிற மருந்து. உங்கட ஈயத்துக்கு வேகமா எரியிற மருந்து, அதுவும் கொஞ்சம்தான்" என்றேன்.

"லண்டன் முழுக்க அடைப்பு எடுக்கிறன் பிள்ளை, கடைசியில என்ர துவக்கிலயும் அதே வேலை."

டெலிபோன்

அந்தக் கொஞ்ச மருந்தில்தான் வினை. அது பாதிக் கோதுக்கும் வராது. இரண்டு தரம் விழுந்தாலும் உள்ளே அடங்கிவிடும். துவக்கு தாங்காது. குகன் அண்ணை நிரப்பும்போது யாரோ வீட்டுக் குசினியில் வெள்ளம் என்று போன் வந்ததாம். எந்தக் கோதோடு நிறுத்தினார் என்று ஞாபகமில்லையாம். அடுத்த நாள் போட்டி. சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அவர் கையிலிருந்த ரவைப் பெட்டியைப் பறித்துக்கொண்டேன். "தர ஏலாது."

சத்தம் கேட்டு சிவா அண்ணை வந்தார். "ஆரின்ர சாமான் அது? உடைச்சுப் பார். ஒண்டும் இல்லாட்டி நீ வீட்டை போகலாம்."

குண்டு கழற்றுகிற சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். சரி. சரி. அடுத்ததும் சரி. எனக்குப் பெற்றோல் மணக்கத் தொடங்கியது. பெட்டியின் கடைசி வரிசையில் ஒரு கோதைக் கவிழ்த்தேன். மருந்து கொட்டியது, நிற்காமல் கொட்டியது. தராசில் இரண்டு மடங்கு. எனக்குத் துள்ள வேணும்போல இருந்தது. குகன் அண்ணை கதிரையைத் தேடி இருந்துவிட்டார். சிவா அண்ணை தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிச்சத்தையும் உடை. திங்கட்கிழமை நீதான் கடை திறக்கிறாய்."

ஒரு ஆளையும் நம்பாத குணத்துக்குப் பள்ளிக்கூடத்தில் டிடென்ஷன் தந்தார்கள், இங்கே சம்பளம் தருகிறார்கள்.