சாமிக்குப் பக்கத்துல ஒரு போர்டு

ரோட்டோரம் சரித்திரத்தை நட்டு வைக்கிறது ஒரு தொழில். அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஈ காக்கா இருக்காது, கடப்பாரையைக் கையில எடுத்தாப் போதும், ஊரே வந்து நிக்கும். தொண்ணூறுகளோட கடைசியில திருவண்ணாமலையைச் சுத்தி, அந்தந்த இடத்தோட பழமையைச் சொல்ற கவர்மென்ட் போர்டுகளை நட்டுக்கிட்டு இருந்தேன். ஊருக்கு நல்லது செய்யப் போய் ஊர்கிட்டயே வாங்கிக் கட்டிக்கிட்ட ஆளா நீங்க? அப்ப இதெல்லாம் உங்களுக்குப் புதுசா இருக்காது.

ராஜாவும் டீயும்

செங்கம் ரோட்டுல ஆசிரமம் தாண்டி ஒரு பழைய குளம். அதை வெட்டின ராஜா யாரு, யாத்திரை வந்தவங்க அதுல குளிச்சுட்டு எப்படி மலை சுத்தினாங்கன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதின பெரிய போர்டு. நட்டு முடிச்சு நிமிர்ந்தா, போர்டு மறைச்சதுல பின்னாடி இருந்த டீக்கடையைக் காணோம். கடைக்காரர் சண்டைக்குத்தான் வர்றாருன்னு மண்வெட்டியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். மனுஷன் ஒரு டீயை நீட்டினாரு. போர்டை மேலயும் கீழயும் பார்த்துட்டு ரொம்ப மரியாதையாக் கேட்டாரு:

"ராஜாவைப் பத்தி இம்மாம் எழுதிக்கிறீங்களே சார், அடியில 'பின்னால் டீ காபி கிடைக்கும்'னு ஒரு வரி போட்டா ராஜா கோச்சுக்குவாரா?"

பேர் இல்லாத கல்லு

அடி அண்ணாமலையில இரும்பு போர்டு வேணாம், கருங்கல் நடுங்கன்னு உத்தரவு. கல்லை நட்டேன். சிமென்ட் இறுகட்டும், பலகையை அப்புறம் பதிக்கலாம்னு வந்துட்டேன். நடுவுல பௌர்ணமி வந்துடுச்சு. போச்சுடா! திரும்பிப் போய்ப் பார்த்தா கல்லுக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை, இடுப்புல சிவப்புத் துணி. பக்கத்துலயே ஒரு அம்மா கற்பூரக் கடை போட்டிருந்தாங்க. அங்க இருந்தது ஒரு பழைய சத்திரம்னுதான் என் பலகையில எழுதியிருந்துச்சு. அதை நான் வெளிய எடுத்ததும் அந்தம்மா முகம் மலர்ந்துடுச்சு.

"நல்ல வேளை நீ வந்தியேண்ணா! இது இன்னா சாமி, இன்னா சாமின்னு கேட்டே கொன்னுட்டாங்க, பேரைச் சொல்லிட்டுப் போ!"

சரோஜாம்மா தோண்டின குழி

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன். இது அப்படி இல்லீங்க.

கீழ்பென்னாத்தூர் போற வழியில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்ட கொல்லை ஓரம் ஒரு நடுகல். கையில வில்லோட ஒரு வீரன். ஊர் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவங்களோட சண்டை போட்டுச் செத்தவன்னு எங்க போர்டு சொல்லுது. கொல்லைக்கார சரோஜாம்மாவுக்கு அவர் வேடியப்பன், குலசாமி. பிள்ளைங்களுக்கு மொட்டை போட்டதும் அங்கதான், புருஷன் போனப்புறம் அழுது தீர்த்ததும் அங்கதான். ரோட்டை அகலமாக்க வந்தவங்க அந்தக் கல்லு மேல சுண்ணாம்பால பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிட்டாங்க. பேத்து எடுக்கப் போறாங்கன்னு அர்த்தம்.

எங்க ஆபீசரோ, போர்டை பஸ் ஸ்டாப்ல நடுய்யா, நாலு பேர் படிப்பாங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தாரு. நான் போய் எறங்கினா, போர்டு வருதுன்னு கேள்விப்பட்டு சரோஜாம்மா கல்லுக்குப் பக்கத்துலயே குழி தோண்டி வச்சுட்டு நிக்கிறாங்க. வெயில்ல எனக்கும் எரிச்சல்தான். நாலு பேர் படிக்கிற இடத்துலதாம்மா நடணும்னு கத்தினேன். அவங்க அசையவே இல்ல.

"நாலு பேர் படிக்க வேணாம் தம்பி, இடிக்க வர்ற ஒருத்தன் படிச்சாப் போதும்."

கடப்பாரையும் நானும்

அங்கயே நட்டுட்டேன். ஆபீசர் காய்ச்சி எடுத்துட்டாரு. போய்ப் பிடுங்கிட்டு வா, பஸ் ஸ்டாப்ல நடுன்னு திருப்பி அனுப்பினாரு. நான் கடப்பாரையும் கையுமாப் போன அதே காலையில புல்டோசரும் வந்து நிக்குது. சரோஜாம்மா கல்லைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. என் கையில இருந்த கடப்பாரையைப் பார்த்ததும் கல்லை இன்னும் இறுக்கிப் புடிச்சாங்க. புல்டோசர் டிரைவர் எறங்கி வந்து போர்டைத் தட்டிப் பார்த்தாரு, தலையைச் சொறிஞ்சாரு.

"சாமின்னா கற்பூரம் ஏத்தி, மன்னிச்சுக்கோப்பான்னு சொல்லி நகத்திடுவேன் சார், இது கவர்மென்ட் போர்டு, இதும்மேல கை வச்சா என்னை எவன் மன்னிப்பான்?"

சின்ன வளைவு

கடப்பாரையை மெதுவா மல்லாட்டைச் செடிக்குள்ள தள்ளி மறைச்சேன். ரோடு போடுற இன்ஜினீயர் வந்தாரு, எங்க ஆபீசரும் வந்தாரு. போர்டை எடுங்கன்னு இன்ஜினீயர் ஒரு வார்த்தை சொன்னாரு, அவ்வளவுதான்; எங்க போர்டை எடுக்கச் சொல்ல நீங்க யாருன்னு எங்க ஆபீசர் எகிறினாரு. காலையில என்னைப் பிடுங்கச் சொன்ன அதே வாய்தாங்க! கடைசியில ரோடு அந்த இடத்துல கொஞ்சம் வளைஞ்சு போச்சு. சரோஜாம்மா குங்குமத் தட்டோட வந்தாங்க. கல்லுக்கு வச்சாங்க, போர்டுக்கு வச்சாங்க, எனக்கும் வச்சுவிட்டாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு, எனக்கும்தான்.

"இத்தினி வருசமா எங்களை வேடியப்பன் காப்பாத்தினாரு, அவரைக் காப்பாத்த ஆள் இல்லியேன்னு இருந்தேன் தம்பி."

நான் நட்ட போர்டுகள்ல சினிமா போஸ்டர் ஒட்டாம, துருப்பிடிச்சுச் சாயாம இன்னைக்கும் நிமிர்ந்து நிக்கிறது அது ஒண்ணுதான். என்ன, அப்பியிருக்கிற மஞ்சள்ல அதை மட்டும் யாராலயும் படிக்க முடியாது.