ஒரு வெடி குறைகிறது

உடையப்பனுக்கு இடது காது கேட்காது. எழுபத்தொன்று டிசம்பரில், பஞ்சாப் எல்லையில் ஓர் ஆற்றங்கரையில் போன காது அது. மற்றபடி ஆள் முழுசாகத் திரும்பி வந்தார். வந்த பிறகு ஒரு பதக்கமும் கொடுத்தார்கள்.

பட்டாளத்தில் அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் நாயக். எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடிகளைக் கம்பியால் குத்திப் பார்த்து எடுத்து, டாங்கிகள் போவதற்கு வழி திறந்து, இருபுறமும் வெள்ளை நாடா கட்டிவிட்டு வருவது வேலை. குண்டு மழையிலும் கலங்காமல் வழி திறந்தார் என்று மேடையில் வாசித்தபோது, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல அவருக்கு இருந்தது. நன்றாக நினைவில் நின்றவை இரண்டே சங்கதிகள். ஊர்ந்து போகையில் அவருடைய முழங்காலுக்குக் கீழே ஏதோ ஒன்று ‘டிக்’ என்று அமுங்கியது. வெடிக்கவில்லை. அடுத்த கணமே, இடப்பக்கம் வந்த போளூர்க்காரன் கோபாலசாமி முழங்கையை ஊன்றிய இடத்தில் வெடித்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் மனைவி நாகவள்ளியிடம் இதைச் சொன்னார்.

“கருப்பணசாமி காப்பாத்திருச்சு. விடுங்க” என்றாள்.

“அப்ப கோவாலுக்குச் சாமி இல்லையாக்கும்?”

அவள் ஆட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாள். அந்தக் கேள்வி அவரோடேயே கிடந்தது.

காது போனதால் பட்டாளம் அனுப்பிவிட்டது. கமுதிப் பக்கம் மழையும் இல்லை, வேலையும் இல்லை. பம்பாய் போய், ஏஜெண்ட் மூலம் ஷார்ஜாவில் இறங்கினார். ஃபுஜைராவுக்கு மலையைக் குடைந்து சாலை போட்டுக்கொண்டிருந்த நேரம். பாறைக்கு வெடி வைக்கத் தெரிந்த ஆட்களைக் கம்பெனி தேடியது. மசாஃபி என்ற மலை ஊருக்கு அந்தப் பக்கம் கேம்ப் போட்டிருந்தார்கள். அங்கே அவரோடு வெடி வைக்க நியமித்த இன்னொரு ஆள் லால் கான். ஜீலம் பக்கத்துப் பஞ்சாபி, தாடி வைத்த நெடிய மனிதர். பாகிஸ்தான் பட்டாளத்தில் இதே சாப்பர் வேலை.

கேம்ப் சமையல்காரர் கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர். “என்ன உடையப்பா, ரெண்டு தேசத்துக்காரனும் சேந்து ஒரே மலைய ஒடைக்கிறீக” என்று பரிகாசம் பண்ணுவார். உடையப்பன் சிரித்துக்கொள்வார். இந்தியும் உருதுவும் கலந்த பட்டாளத்துப் பேச்சு இருவருக்கும் பொது. ஒரே கெட்டிலில் டீ குடித்தார்கள். சண்டையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை. அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு குளிர்காலச் சாயங்காலம், ரொட்டியைப் பிட்டுக்கொண்டே லால் கான் விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

“அந்த வருஷமும் இப்படித்தான் விறைத்துப்போனது, உடையப்பா” என்று ஆரம்பித்து, ஓர் ஆற்றின் பெயரைச் சொன்னார். கரையில் ஒரு கரும்புத் தோட்டம் இருந்ததையும், அதன் ஓரமாகக் கண்ணிவெடி புதைத்ததையும் சொன்னார். “ஒவ்வொன்றாகப் புதைத்துவிட்டு, பிறகு அதன் பாதுகாப்புப் பின்னை உருவிக்கொண்டே வரவேண்டும். பின்னை உருவினால்தானே அதற்கு உயிர்? பாதியில் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. உருவியது உருவினதுதான், மிச்சம் அப்படியே கிடந்தது.”

உடையப்பன் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். அதே ஆறு. அதே கரும்புத் தோட்டம். எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி வந்து உட்காரவில்லை. லால் கான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த மனிதனைக் கட்டிப்பிடித்துக்கொள்வதா, கழுத்தைப் பிடிப்பதா? கட்டிலில் படுத்துப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து பார்த்தார். பிடிபடவில்லை.

மறுநாள் பாறையில் வரிசையாகத் துளை போட்டு, மருந்து இறக்கி, திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு, இருவரும் லாரிக்குப் பின்னால் வந்து பதுங்கினார்கள். எத்தனை துளையோ அத்தனை வெடி கேட்கவேண்டும். வெடிகள் மலைக்கு மலை மோதி எதிரொலித்து அடங்கின.

“கலாஸ். எல்லாம் ஆயிற்று” என்றார் லால் கான்.

“இல்லை. ஒன்று குறைகிறது” என்றார் உடையப்பன்.

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே நிச்சயமில்லை. ஒற்றைக் காதில் கேட்டது சரியா? இல்லை, ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்த அந்த வெடிக்காத வெடியையும் சேர்த்து எண்ணிவிட்டாரா?

லால் கான் வாதாடவில்லை. “நீ சொல்கிறாய் அல்லவா, போய்ப் பார்ப்போம்” என்றார். நெடுநேரம் காத்திருந்துவிட்டு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஏறினார்கள். பாதிச் சரிவில் உடையப்பனின் கால் நின்றுவிட்டது. அந்த ஆற்றங்கரையில்கூட நிற்காத கால். தூக்கப் பார்த்தார், வரவில்லை.

“என்ன?”

“நேற்றுச் சொன்னாயே, அந்தத் தோட்டம். அந்த வெடிகளை எடுத்தது நான்தான். ஒன்று என் முழங்காலுக்குக் கீழே அமுங்கியது, வெடிக்கவில்லை. அதில் பின்னை உருவாமல் விட்டது நீயா?”

லால் கான் குடத்தைக் கீழே வைத்தார்.

“நானாகவும் இருக்கலாம். என்னோடு இன்னும் சிலர் இருந்தார்கள். இருட்டு. எது யார் கை பட்டது என்று எப்படிச் சொல்வேன்?”

“என் பக்கத்தில் வந்தவனுக்கு வெடித்தது.”

“பெயர்?”

“கோபாலசாமி.”

அந்தப் பெயரை லால் கான் தட்டுத்தடுமாறி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “நீ இங்கேயே இரு” என்று குடத்தோடு மேலே ஏறினார். அவர் பாறைக்குப் பின்னால் மறைந்ததும் உடையப்பனின் கால் தானாக நகர்ந்தது. போய்ச் சேர்ந்தபோது லால் கான் ஒரு துளையின் முன்னால் குனிந்திருந்தார். பறந்து வந்த கல் திரியை அறுத்திருந்தது. அடைத்த மண்ணைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, புதுத் திரி வைத்து, இறங்கி வந்து வெடித்தார்கள்.

அதன் பிறகு லால் கான் சரியாகச் சாப்பிடவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கோபாலசாமிக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, பிள்ளைகள் உண்டா என்று திடீர் திடீரெனக் கேட்பார். “மனைவி பெயர் ஜெயலட்சுமி. ஒரு பெண் குழந்தை” என்று உடையப்பன் சொல்வார். சொன்னது தப்போ என்று அவருக்கு உறுத்தியது. தன்னிடம் இருந்த குழப்பத்தில் பாதியைக் கொடுத்துவிட்டால் தனக்குக் குறையவாவது வேண்டுமே. குறையவில்லை.

“என்னப்பா உங்க ரெண்டு பேருக்கும்? சண்டையா?” என்று கலீலுர் ரஹ்மான் ஒருநாள் விசாரித்தார்.

“சண்டை இல்ல பாய். என்னன்னு எனக்கே தெரியல.”

லால் கான் லீவில் போய்த் திரும்பியபோது ஒரு கம்பளிச் சால்வை கொண்டுவந்தார். பழுப்பு நிறம், ஓரத்தில் சிவப்பு நூல் வேலை. “கொடுத்துவிடு. யார் கொடுத்தது என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்” என்றார்.

அடுத்த லீவில் உடையப்பன் போளூருக்குப் போனார். ஜெயலட்சுமி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். சால்வையைப் பிரித்துத் தடவிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ கனமா கீதே, யாருண்ணா குடுத்தாங்கோ?” என்றாள்.

வழி நெடுக அவர் ஒத்திகை பார்த்து வந்தவை வேறு பதில்கள்.

“கூட வேலை பாக்குற சிநேகிதரும்மா. கோவாலப் பத்திச் சொல்லியிருந்தேன்.”

“எங்க வூட்டுக்காரரத் தெரியுமா அவருக்கு?”

“தெரியும்னும் சொல்லலாம்” என்றார். அவள் கூர்ந்து பார்த்தாள். மகள் அதற்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கேம்ப்புக்குத் திரும்பிய அன்று லால் கான், “என்ன சொன்னாள்?” என்று கேட்டார்.

“யார் கொடுத்தது என்று கேட்டாள். சிநேகிதர் என்றேன்.”

லால் கான் மலைப் பக்கம் திரும்பினார். “சிநேகிதர் என்றது சரியா?” என்றார்.

“தெரியவில்லை” என்றார் உடையப்பன். கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார்.