ரோசி அக்காவுக்கு நாலு வரி

ரோசி அக்கா இறந்துவிட்டார். இன்று சாயங்காலம்... மூன்று நாள் காய்ச்சல்தானாம்.

கள்ளக்குறிச்சி ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிற அக்கா. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி... இந்தப் பக்கத்து பேனர்களில் நீங்கள் படித்த நாலு வரிகளில் பாதி அவர் எழுதியவை. கொஞ்சம் நான் எழுதியவை. அது கடையைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

அம்மாவின் போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பா பக்கத்து அறையில். போன வருடம் என் கவிதை நோட்டைப் பார்த்துவிட்டு, "எவனுக்குடி இந்த லெட்டரு?" என்று கிழித்து அடுப்பில் போட்டார். இன்னொரு தரம் பார்த்தால் பள்ளிக்கூடமே கிடையாதாம்.

அதனால்தான் நான் போஸ்ட் போடும் இந்த ஐடியில் என் பெயர் இல்லை.

ப்ராஜெக்டுக்கு பிரிண்ட் எடுக்கப் போன அன்றுதான் அக்கா பழக்கம். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "பாப்பா, செத்தவரு பஸ் டிரைவரு. நாலு வரி சொல்லு."

"திடீர்னு கேட்டா எப்டிக்கா? மூடு வரணும்ல..."

"உனுக்கு மூடு வர்ற வரிக்கும் பொணம் காத்துக்கினு இருக்குமா? சொல்லு. நல்லால்லன்னா திட்றேன்."

சொன்னேன். திட்டினார். அதையே பிரிண்டுக்கும் கொடுத்தார்.

பிறகு பள்ளி விட்டதும் தினமும் போனேன்... பேனர் அடிக்கும் மெஷினின் தலை இப்படியும் அப்படியும் ஓடும். முதலில் நெற்றி வரும், பிறகு கண், மெதுவாக ஒரு சிரிப்பு. மழை விட்ட பிறகு கல்வராயன் மலையில் மேகம் இறங்கி, ஒரு பாறை, ஒரு மரம் என்று தெரியுமே... அப்படி. மை வாசனையில் எனக்குக் கண் சொக்கும்.

ஒருமுறை பழைய அஞ்சலி ஃபைலையே மாற்றிப் போட்டதில், காதுகுத்து பேனரில் தாய்மாமன் பெயருக்கு மேலே "ஆறாத் துயரில் வாடும்" என்று அப்படியே இருந்துவிட்டது. அவர் சண்டைக்கு வந்தார்.

"தோடு, செயினு, சீர்வரிசன்னு எல்லாம் உன் தலையில. துயரந்தான மாமா?" என்றார் அக்கா. மனுஷன் சிரித்துவிட்டார்.

இன்று எட்டு மணிக்குக் கடைக்கார அம்மாவிடமிருந்து மெசேஜ். "ரோசி பேனரு காலைல கட்டணும். நீதாம்மா எழுதித் தரணும்."

இரண்டு மணி நேரம்... ஒரு சொல்கூட இல்லை. எழுத வராமல் அடைத்துக்கொள்வதெல்லாம் சும்மா என்பீர்களே அக்கா. சும்மா இல்லை அக்கா, நிஜமாகவே அடைக்கிறது.

அப்படியே எழுதினேன்.

"ஊரில் யார் போனாலும் நீங்கள் எழுதினீர்கள்.
உங்களுக்கு எழுத இன்று யாரும் இல்லை.
வார்த்தை வரவில்லை.
நான் வந்திருக்கிறேன்."

உடனே பதில் வந்தது. "நல்லாக்குதும்மா. கீழ எழுதுனவங்கன்னு உன் பேரு போட்டுடட்டா?"

பேனரை பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டுவார்கள். காலையில் அப்பா கரும்பு டிராக்டரை அந்த வழியாகத்தான் ஓட்டிப் போவார்.

டைப் செய்தேன். அழித்தேன். மறுபடியும்...

"போடுங்க. இனிஷியலோட."

அனுப்பிவிட்டேன்.

தூங்குங்க ரோசி அக்கா.