காசு தரையில் விழுவதற்குள்

இரண்டு வருடத்துக்கு முன், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து மைதானம் ஒன்றில், வெயில் இறங்கிய ஒரு ஞாயிறு மாலை நடந்தது இது. கம்பெனி அணிகளுக்கான கபடிக் கோப்பையின் அரையிறுதி. நாக்-அவுட் என்பதால் ஒரு ஆட்டம் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு மூன்று சுற்று தாண்டியிருந்தோம். எங்கள் கம்பெனி அதுவரை ஃபைனலுக்குப் போனதே இல்லை. கேப்டன் நான்.

எதிரணி கேப்டன் ஊத்துக்கோட்டையிலிருந்து வேலைக்கு வருபவர். என்னைவிட இளையவர். பேச்சு திக்கும். நடுவர் காசைச் சுண்டி, தலையா பூவா என்று அவரைக் கேட்டார். "த... த..." என்று அவர் முயல்வதற்குள் காசு விழுந்துவிட்டது. நான் பாய்ந்து எடுத்தேன். "அவரு ஒண்ணியும் சொல்லலியே சார், டாஸ் எங்களுக்குத்தான்." அவசரத்தில் நடுவரும் தலையாட்டிவிட்டார். விழுந்திருந்தது தலை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதோடு விட்டேனா? கபடியில் ரைடு வருபவர் மூச்சு விடாமல் பாட வேண்டும், பாட்டு நின்றால் அவுட். எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு, "அவனுக்குப் பேச்சே வரல. கிண்டல் பண்ணிக்கினே இருங்கடா, பாட்டு நின்னுடும்" என்றேன்.

அவர் கோட்டைத் தாண்டினார். "கபடி கபடி கபடி..." குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. "க... க..." என்று இளித்துக்கொண்டிருந்தவர்கள் அவர் கைக்கு எட்டாமல் பின்னால் ஓடினார்கள். சத்தியமாக எனக்குப் புல்லரித்தது.

கடைசி ரைடு. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். களத்தில் எங்கள் பக்கம் மிச்சம் மூன்று பேர். அவரைப் பிடித்துவிட்டால் ஃபைனல். நான் கணுக்காலைப் பிடித்தேன், மற்ற இருவரும் இடுப்பில் விழுந்தார்கள். என் தலைக்கு மேலே அந்தப் பாட்டு நிற்கவே இல்லை. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே போய், கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டார். மூன்று பேரும் அவுட். மனுஷனுக்கு அவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்ததோ! தோற்றது கூட அப்போது உறைக்கவில்லை.

மண்ணில் கிடந்த என்னைக் கைகொடுத்துத் தூக்கினார். ஏதோ சொல்ல வந்தார். இந்த முறை காத்திருந்தேன்.

"அ... அண்ணா, ஃபை... ஃபைனல் பாக்க வந்துடுண்ணா."

டாஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூனிக் குறுகிப் போனேன்.

அடுத்த ஞாயிறு, ஃபைனல் நடந்த திருவள்ளூருக்குப் போனேன். ஆட்டம் தொடங்கும் முன் நடுவரிடம் ஓடினேன். "சார், காசு சுண்டறதுக்கு முன்னாடியே அவரைக் கேட்டுடுங்க சார்." அவரும் அப்படியே செய்தார். "தலை" முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் காசு மேலே போனது. விழுந்தது பூ. தோற்ற டாஸைப் பார்த்துவிட்டு, ஊத்துக்கோட்டைக்காரர் என் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தார். கோப்பையை அன்று அவர்தான் தூக்கினார்.

ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு அரையிறுதியைத் தோற்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.