மீனுக்கு ஒரு குடம்

எங்கள் தெருவில் நல்லதண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். குடிக்க, சமைக்க அதுதான். மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். கரிசலுக்கு அடியிலிருந்து வருவது, வாயில் வைத்தால் கரிக்கும். இந்த ஊரில்தான் நான் கண்ணாடித் தொட்டியில் ஆறு கவசக் கெளுத்தி மீன் வளர்த்தேன்.

கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. செதில் கிடையாது, ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக எலும்புத் தகடுகள். மீசையால் மணலைக் கிளறிக்கொண்டே திரியும். திடீரென்று ஒன்று விருட்டென மேலே போய், ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். முதல் சம்பளத்தில் வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதற்கும் உதவாத ஒன்றை ஆசைக்காக வாங்கிய முதல் ஆளும் நான்தான்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது எல்லாம் மணலில் சாய்ந்து கிடந்தன. செவுள் படபடவென்று அடித்தது. ஒன்று ஏற்கெனவே செத்திருந்தது.

"தண்ணி கொறஞ்சிருந்துச்சு. போர் தண்ணிய ரெண்டு குடம் ஊத்துனேன்," என்றார் அப்பா. "மாடே அதத்தான குடிக்கி?"

அவர் உதவிதான் செய்திருந்தார். கவசம் போட்ட மீனுக்கு உப்பு ஆகாது என்று நான்தான் சொல்லி வைக்கவில்லை.

தொட்டித் தண்ணீரில் பாதியை வெளியேற்றினேன். நாலு நாளாக அடுப்படியில் இருந்த நல்லதண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து, செம்பு செம்பாக ஊற்றத் தொடங்கினேன். பக்கத்து வீட்டிலிருந்து அத்தை வந்து நின்றாள்.

"ஏட்டி, மனுசனுக்கே நாக்கு வறளுது. இவ மீனுக்கு ஊத்துதா! படிச்ச திமிரு."

"ஆமா, திமிருதான். இது என் பங்குத் தண்ணி அத்தை. அடுத்த தண்ணி வார வரைக்கும் நான் ஆபீசுலயே குடிச்சிக்கிடுதேன்."

"சோறு?"

"அதையும் அங்கனயே தின்னுக்கிடுதேன்."

நாலு நாளும் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் நான் தொடவில்லை. மீதி ஐந்தும் பிழைத்தன.

அடுத்த முறை தண்ணீர் வந்த அன்று, குழாயடியில் எங்கள் குடங்களோடு ஒரு புதுக் குடத்தையும் வைத்தேன். பெயிண்டில் பெரிதாக 'மீன்' என்று எழுதியிருந்தேன். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது.

"இது யாருக்குட்டி?" என்றாள்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்துக் காட்டினேன்.

அந்தக் குடத்தில்தான் முதலில் தண்ணீர் பிடித்தேன்.